கரண்ட் கம்பியில் பேச்சு: தங்கவயலிலிருந்து ஒரு வரலாறு

வீட்டுச் சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் வயரிலேயே இன்டர்நெட்டையும் அனுப்பிவிடலாம் என்று சொல்லி, பிளக்கில் செருகும் ஜோடிப் பெட்டிகளை விற்கிறார்கள். முன்னறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, பின்கட்டில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று. நடுவே புதிதாக வயர் இழுக்க வேண்டாம், சுவரில் துளை போட வேண்டாம். பவர்லைன் அடாப்டர் என்று பெயர். இதைக் கம்ப்யூட்டர் காலம் கண்டுபிடித்த சாமர்த்தியம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இதன் வேர் வீட்டுக்குள் இல்லை. ஆற்றங்கரையில் கரண்ட் எடுத்து, காடு மேடு தாண்டி வெகுதூரத்துக்கு அனுப்பத் தொடங்கிய காலத்து மின்பாதைகளில் இருக்கிறது. தென்னிந்தியாவில் அந்தக் காலம் தொடங்கிய இடம் கோலார் தங்கவயல். காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மைசூர் மைன்ஸுக்கும் அதன் அண்டைச் சுரங்கங்களுக்கும் 1902இல் வந்து சேர்ந்த கம்பியிலிருந்து இந்தக் கதையைப் பார்த்தால்தான், கரண்டையும் பேச்சையும் ஒரே கம்பியில் ஏற்றும் முயற்சி எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது, ஏன் என்பது விளங்கும்.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி 1880இல் தொடங்கியது. அதைத் தொடர்ந்து சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று சுரங்கங்கள் பெருகின. ஆழம் கூடக் கூட, கல்லை நொறுக்கும் மில்லுக்கும், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கம்ப்ரசருக்கும், ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்புக்கும் தேவைப்பட்ட சக்தியும் கூடியது. அதுவரை எல்லாம் நீராவி எஞ்சின்தான். கோலார் பக்கம் நிலக்கரி கிடையாது. தொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டும். சுற்றுவட்டாரக் காட்டு விறகும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இந்த நெருக்கடிக்கு மைசூர் அரசு கண்ட விடைதான் காவிரி மின்திட்டம். திவான் சேஷாத்ரி ஐயர் அதற்குத் துணிந்தார். திட்டத்தை வகுத்தவர் மைசூர் அரசில் பணியாற்றிய ராணுவப் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்தும், நீர்ச்சக்கரங்கள் ஸ்விட்சர்லாந்தின் எஷர் விஸ்ஸிலிருந்தும் வந்தன. 1902 ஜூன் 30 அன்று கரண்ட் தங்கவயலை அடைந்தது. திட்டத்தைத் தொடங்கிவைத்த சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்க இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

பாதையின் நீளம் ஏறத்தாழ 92 மைல். உலகிலேயே நீளமான மின்பாதை அது என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. கலிபோர்னியாவில் கோல்கேட்டிலிருந்து ஓக்லாந்துக்கு 142 மைல் மின்பாதை 1901லேயே ஓடிவிட்டது. ஆனால் அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் சிவசமுத்திரத்தின் பெருமை குறையாது. மின்சாரத்தை அதிகம் பார்த்திராத ஒரு நாட்டில், 30,000 வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்தில், ஓர் அருவிக்கும் ஒரு சுரங்கத்துக்கும் நேர்முடிச்சுப் போட்டது இந்தப் பாதை. ஒரு முனையில் விற்பவர் மைசூர் அரசு, மறுமுனையில் வாங்குபவர் சுரங்க நிர்வாகம். நடுவில் வேறு யாருக்கும் பங்கு இல்லாததால், இரு முனையும் ஒரே ஏற்பாட்டின் கீழ் ஓடின. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போவது முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

இப்படிப்பட்ட பாதையின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் பேசிக்கொள்ளாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வசதி அன்று பெயரளவுக்குத்தான். சுரங்கத்தில் மில்களை நிறுத்தினால் அந்தக் கணமே சிவசமுத்திரத்தில் சக்கரம் வேகமெடுக்கும். உடனே தண்ணீரைக் குறைக்க வேண்டும். கோடையில் காவிரி வற்றினால், எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சுரங்கத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தக் கோடைப் பற்றாக்குறை சின்ன விஷயம் அல்ல. சுரங்கங்களுக்கு ஆண்டு முழுவதும் தடையின்றிக் கரண்ட் கொடுக்க நீரைத் தேக்கியாக வேண்டும் என்பது, 1911இல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியதற்கான வலுவான காரணங்களில் ஒன்று. அந்த அணையையொட்டி மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் எழுந்த தகராறு 1924 ஒப்பந்தம் வரை இழுத்தது. காவிரிப் பிரச்சினையைப் பாசனக் கணக்காக மட்டுமே பேசிப் பழகிய நாம், அதற்குள் தங்கச் சுரங்கத்து மில்லின் ஓசையும் இருப்பதை மறந்துவிடுகிறோம். இடி விழுந்து பீங்கான் இன்சுலேட்டர் வெடித்தாலும், மரம் சாய்ந்து கம்பி அறுந்தாலும் நிலைமை இன்னும் கடினம். எந்த இடத்தில் கோளாறு, பழுது பார்க்கும் ஆள் கம்பத்தின் மேல் இருக்கிறானா, கரண்ட் கொடுக்கலாமா கூடாதா என்பதை நிச்சயமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. தொட்டால் ஓர் உயிர் போகும். சுரங்கத்தில் பம்பு வெகுநேரம் நின்றாலோ கீழே தண்ணீர் ஏறும்.

ஆகவே அக்காலத்து நெடுந்தூர மின்பாதைகளுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு டெலிபோன் கம்பியை ஓட்டுவது வழக்கமாயிற்று. பெரும்பாலும் அதே கம்பத்தில், மின்கம்பிகளுக்குக் கீழே. இதில் உள்ள சங்கடம் உடனே தெரிந்தது. உயர் அழுத்தக் கம்பியின் தாக்கத்தால் டெலிபோனில் ஓயாத ரீங்காரம் கேட்கும்; அதைக் குறைக்கக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை இரு கம்பிகளையும் இடம் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். மின்கம்பி அறுந்து டெலிபோன் கம்பியின்மேல் விழுந்தால் ரிசீவரைக் காதில் வைத்திருப்பவனுக்கு ஆபத்து. எல்லாவற்றையும்விட மோசமானது, மின்பாதையைச் சாய்க்கும் அதே புயல் டெலிபோன் கம்பியையும் சாய்த்துவிடும் என்பது. பேச்சு எப்போது மிக அவசியமோ அப்போதுதான் பேச்சு அறுந்துபோகும். கனமான மின்கம்பியே பேச்சையும் சுமந்தால் என்ன என்ற கேள்வி இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. வசதிக்காகக் கேட்ட கேள்வி அல்ல இது. உயிருக்காகவும் உற்பத்திக்காகவும் கேட்டது.

1902இல் அதற்குப் பதில் இல்லை. கரண்டும் பேச்சும் ஒரே கம்பியில் போனால் மறுமுனையில் இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டுமே, அதற்கான கருவி அன்று கிடையாது. தத்துவம் எளிதுதான். சிவசமுத்திரத்து மின்சாரம் நொடிக்கு 25 சுழற்சி கொண்டது (இந்தியா பின்னர் 50ஐ வரித்துக்கொண்டது). அதே கம்பியில் நொடிக்குப் பல பத்தாயிரம் முறை அதிரும் ஓர் அலையை ஏற்றி, அந்த அலையின் முதுகில் பேச்சை உட்கார வைத்தால், இரண்டும் கலந்து ஓடினாலும் பிரிக்க முடியும். அப்படி ஓர் அலையைச் சீராக உண்டாக்கவும், தேய்ந்து வரும் அலையை மறுமுனையில் பெருக்கவும் வெற்றிடக் குழாய் வேண்டும். லீ டி ஃபாரெஸ்டின் மூன்று மின்முனைக் குழாய் 1906இல்தான் வந்தது, அது பக்குவப்பட மேலும் சில ஆண்டுகள் ஆயின. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் 1910 வாக்கில், ஒரே ஜோடிக் கம்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட பேச்சுகளை வெவ்வேறு அலைவரிசைகளில் அனுப்பிக் காட்டினார். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உயர் அழுத்த மின்பாதைகளிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை இன்றும் கண்ணால் பார்க்கலாம். பெரிய சப்ஸ்டேஷன் பக்கமாகப் போகும்போது, டவரிலிருந்து இறங்கும் கம்பி உள்ளே நுழையும் இடத்தில், பீப்பாய் வடிவத்தில் பருத்த ஒரு கம்பிச் சுருள் பீங்கான் தூணின்மேல் நிற்பதையோ அந்தரத்தில் தொங்குவதையோ கவனியுங்கள். வேவ் டிராப் என்பார்கள். 50 சுழற்சி மின்சாரம் அதன் வழியாகத் தாராளமாகப் போகும். பேச்சைச் சுமக்கும் உயர் அலை போகாது, முட்டித் திரும்பும். அதற்கு அருகே உயரமான பீங்கான் உறைக்குள் நிற்கும் கப்பாசிட்டருக்கு நேர் எதிர்க் குணம். உயர் அலைக்கு வழிவிடும், மின்சாரத்தை மறிக்கும். அந்தக் கப்பாசிட்டரின் அடியிலிருந்து ஒரு கேபிள் கட்டடத்துக்குள் போய்ப் பி.எல்.சி.சி. (பவர் லைன் கேரியர் கம்யூனிகேஷன்) அறையில் முடியும். அங்கே ஒரு சாதாரண டெலிபோன். அதை எடுத்துப் பேசினால் லட்சக்கணக்கான வோல்ட் ஓடும் கம்பியின் வழியாகவே அடுத்த சப்ஸ்டேஷனில் பதில் வரும். பேச்சைவிட முக்கியமான வேலை ஒன்றும் அதில் நடக்கிறது. பாதையில் கோளாறு ஏற்பட்ட மறுகணமே, எதிர்முனை பிரேக்கரும் திறக்கட்டும் என்ற கட்டளை அதே அலையில் மில்லிநொடிகளில் பாய்கிறது. 1902இல் மனிதர் டெலிபோனில் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததைக் கம்பி தானே சொல்லிக்கொள்கிறது.

இந்தியாவின் மின்வாரியங்கள் பல பத்தாண்டுகள் இந்த முறையையே நம்பி ஓடின. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காராவைப்போல் நம் நீர்மின் நிலையங்கள் பலவும் மலைமேல், ஊரிலிருந்து விலகி இருப்பவை. டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நாட்டில், மின்நிலையத்தை நிமிடத்துக்கு நிமிடம் நடத்தப் பொது டெலிபோன் உதவாது. 40 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் மின்கம்பியே வாரியத்தின் சொந்த டெலிபோனாக இருந்தது. இன்று பெரிய பாதைகளில் டவரின் உச்சியில் ஓடும் எர்த் கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழையைப் பொதிந்துவிடுகிறார்கள். அதனால் பழைய முறை பின்னுக்குப் போகிறது. ஆனாலும் மின்பாதை தன் பேச்சையும் தானே சுமக்க வேண்டும் என்ற கொள்கை அப்படியே நீடிக்கிறது.

இனி என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கரண்ட் கம்பி பேச்சையும் சேர்த்துச் சுமக்க, அதன் இரு முனைகளும் ஒரே பொறுப்பில் இருக்க வேண்டும். வேவ் டிராப்பை எங்கே வைப்பது, எதை இணைப்பது, எதை இணைக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தால் அது நடக்கும். ஊரார் அனைவரும் தத்தம் பிளக்கைச் செருகும் பொதுக் கம்பியில் வேகமான தகவலை அனுப்ப முயன்றால் நடக்காது. இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஸ்குவையரின் காப்புரிமைகளைக் கொண்டு 1920களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், வீட்டுக்கு வரும் மின்கம்பி வழியாகவே இசையும் செய்தியும் அனுப்பிப் பார்த்தார்கள். காசில்லாமல் காற்றில் வரும் ரேடியோவுக்கு முன்னால் அது நிற்கவில்லை. அந்தக் கம்பெனி பிறகு டெலிபோன் கம்பிக்கு மாறி, 1934இல் மியூசாக் என்ற பெயர் பெற்றது. 1997இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் நார்டெல்லும் யுனைடெட் யுட்டிலிட்டீஸும் சேர்ந்து, தெரு மின்கம்பியிலேயே இன்டர்நெட் தருவதாகப் பெரிய நம்பிக்கையோடு தொடங்கினார்கள். 1999இல் கைவிட்டார்கள். கம்பிகள் ஏரியல்போல் அலையைக் காற்றில் கசியவிட்டு ரேடியோவுக்கு இடைஞ்சல் செய்யும் என்ற குற்றச்சாட்டு ஒரு பக்கம், லாபக் கணக்கு ஒத்துவராதது இன்னொரு பக்கம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இத்தாலியின் எனல் நிறுவனம் 2001 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3 கோடி வீடுகளின் மீட்டரை மின்கம்பி வழியாகவே வாசிக்கும் ஏற்பாட்டைச் செய்து முடித்ததே. அதுவும் தெருவில் ஓடும் பொதுக் கம்பிதானே? பல பத்தாண்டுகளாகவே ஐரோப்பாவில் இரவு நேர மலிவு மின்சாரத்துக்கான சுவிட்சை அதே கம்பியில் சைகை அனுப்பித் தட்டுகிறார்களே? உண்மை. ஆனால் அந்த மீட்டரும் அந்த சுவிட்சும் வீட்டில் இருந்தாலும் வீட்டுக்காரருடையவை அல்ல. அனுப்புவதும் பெறுவதும் ஒரே மின்நிறுவனம். அனுப்பும் தகவலும் மிகச் சிறியது, மெதுவானது. பொதுக் கம்பியின் இரைச்சலுக்கு நடுவிலும் தப்பிப் பிழைக்கக்கூடியது. இரு முனையும் ஒரு கையில் என்ற விதியை இந்த வெற்றிகள் உறுதிப்படுத்தவே செய்கின்றன.

வீட்டுக்குள் வருவோம். 1970களில் ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எக்ஸ்-10 என்ற முறை, வீட்டு வயரிலேயே சைகை அனுப்பி விளக்கை அணைத்து ஏற்றியது. கம்ப்யூட்டர்களை இணைப்பதற்கான ஹோம்பிளக் கூட்டமைப்பு 2000இல் உருவாகி, நொடிக்கு 14 மெகாபிட் என்ற முதல் விதிமுறையை 2001இல் வெளியிட்டது. அதே 2001இல், பிப்ரவரி 28 அன்று, கோலார் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் எந்தச் சுரங்கத்துக்காக அருவியிலிருந்து கம்பி இழுத்தார்களோ அந்தச் சுரங்கத்துக்குக் கரண்டே தேவைப்படாமல் போனது. மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளின் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆனார்கள். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு. வீட்டிலிருந்தே வேலை என்று வரும்போது, பழைய வீட்டின் தடித்த சுவர் வைஃபையைத் தடுக்க, இந்த ஜோடிப் பெட்டி அவர்களுக்கும் ஒரு வழி.

அந்த வழி எப்போது வேலை செய்யும் என்பதையும் அதே விதி சொல்லிவிடுகிறது. வீட்டுக்காரர் தன் மீட்டருக்கு உட்பட்ட வயருக்கு எஜமான். இரண்டு பெட்டியும் அந்த எல்லைக்குள், ஒரே ஃபேஸில் இருந்தால் நன்றாக ஓடும். மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் ஒன்று ஒரு ஃபேஸிலும் மற்றது இன்னொன்றிலும் மாட்டிக்கொண்டால் தடுமாறும். ஸ்பைக் பஸ்டரில் செருகினால், இரைச்சலை வடிகட்ட அதில் வைத்திருக்கும் அமைப்பு, தகவலையும் இரைச்சலாக நினைத்து விழுங்கிவிடும். மரக் கேசிங்குக்குள் ஓடி, பீங்கான் கிட்கேட் ஃபியூஸில் முடிந்து, வழியில் நாலைந்து இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய பழைய வயரிங்கில், ஒவ்வொரு தளர்ந்த இணைப்பும் அலையைச் சிதறடிக்கும். அது நெட்வொர்க்குக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே ஆபத்து. பெட்டி வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்வதே முதல் வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. மீட்டரோடு அலை நின்றுவிடுவதில்லை. ஒரே ஃபேஸில் இருக்கும் பக்கத்து வீட்டு பிளக்கிலும் எட்டிப் பார்க்கும். 2005இல் வந்த இரண்டாம் தலைமுறை விதிமுறை வலுவான மறைகுறியாக்கத்தைச் சேர்த்தது இதனால்தான். பெட்டியில் உள்ள இணைப்புப் பொத்தானை அழுத்தித் தனிச் சாவி உண்டாக்காமல் விடுவது, வாசற்கதவைத் தாழிடாமல் தூங்குவதற்குச் சமம்.

வைஃபை மலிந்துவிட்டது, கண்ணாடி இழை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது, இனி இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். புது வீடு கட்டுகிறவர் சுவருக்குள் தனி நெட்வொர்க் கேபிள் ஓட்டிவிடுவதே நல்லது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த நுட்பம் சாகவில்லை. இந்தியச் சாலைகளில் மின்காருக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சி.சி.எஸ். முறையில், காரும் சார்ஜரும் எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர் என்று பேசி முடிவு செய்துகொள்கின்றன. அந்தப் பேச்சு, அதே கேபிளுக்குள் உள்ள பைலட் கம்பியில், ஹோம்பிளக் குடும்பத்தைச் சேர்ந்த கிரீன் ஃபை விதிமுறையில்தான் நடக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரோடொருவர் பேசாமல் கரண்ட் பாயக் கூடாது என்ற 1902ஆம் ஆண்டின் தேவை, சார்ஜிங் கேபிளின் நீளத்துக்குச் சுருங்கி வந்திருக்கிறது.

சிவசமுத்திரத்துக் கம்பியைப் பற்றிப் பெருமையாகவே பேசிவிட்டுப் போகவும் கூடாது. அது சுரங்க இயந்திரங்களுக்காக வந்தது. பெங்களூர் நகரத்துக்கே அதன் வெளிச்சம் 1905இல்தான் கிடைத்தது. 92 மைல் பாதை எத்தனையோ கிராமங்களின் தலைக்கு மேலாகப் போனது. அந்தக் கிராமத்தார் பல பத்தாண்டுகள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றை வெட்டிய தமிழர்கள் தட்டி வீடுகளில் குடியிருந்தார்கள். கம்பெனிக்குச் சிக்கனமான கரண்ட் கொண்டுவந்த திட்டத்தில் அவர்களுடைய வீடு ஒரு வாடிக்கையாளராகக்கூட எழுதப்படவில்லை. இரு முனையும் ஒரே பொறுப்பில் இருந்தால் கம்பி நன்றாக வேலை செய்யும் என்று சொன்னேன். யாருக்காக வேலை செய்யும் என்பதை அந்தப் பொறுப்பில் இருப்பவரே தீர்மானிப்பார் என்பதும் அதன் மறுபாதி.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி அச்சில் இல்லை. திவான்களும் தலைமைப் பொறியாளர்களும் குறிப்பு எழுதி வைத்தார்கள். கம்பத்தில் ஏறியவர்களும், சுரங்கத்து சப்ஸ்டேஷனில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களும், வாரியத்தின் பி.எல்.சி.சி. அறையில் காதை ரிசீவரில் வைத்தபடி பணி ஓய்வு பெற்றவர்களும் எழுதவில்லை. அவர்களில் பலர் இன்று தங்கவயலிலும் தமிழ்நாட்டிலும் முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய பழைய லாக் புத்தகம், டியூட்டி டைரி, ஒற்றைக்கோட்டு மின்வரைபடம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உட்கார வைத்துச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.